படம் மறைந்த பக்கங்கள்

முதல் வகுப்புப் பாடநூலில் பக்கத்தை நிறைத்து நிற்பது படம்; அதன் கீழே ஓரிரு சொற்கள் ஒதுங்கியிருக்கும். வகுப்பு ஏற ஏறச் சொற்கள் பெருகுகின்றன, படம் சுருங்குகிறது. மேல்நிலை வகுப்பை எட்டும்போது பக்கம் முழுவதும் எழுத்தின் ஆட்சியே. இம்மாற்றம் இயல்பானது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆயினும், பக்கத்திலிருந்து படம் மறையும்போது மனத்திலிருந்தும் ஏதேனும் மறைகிறதா என்னும் வினா எண்ணிப் பார்க்கத்தக்கது.

படத்தைக் கொண்டு குழந்தைக்குக் கற்பிக்கும் முறை பழைமையானது. மொராவியாவைச் சேர்ந்த கல்வியாளர் கொமேனியஸ், உலகப் பொருள்களைப் படங்களால் அறிமுகம் செய்யும் நூலொன்றை 1658ஆம் ஆண்டு நூரம்பெர்க் நகரில் வெளியிட்டார். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. அவ்வெண்களைப் பின்பற்றி அவற்றின் பெயர்களை லத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் கற்கலாம். குழந்தைப் படநூல்களின் முன்னோடி என இந்நூல் போற்றப்படுகிறது. இங்குப் படம் சொல்லை எட்டுவதற்கான ஏணி. ஏறிய பின் ஏணி எதற்கு என்னும் எண்ணமே பின்னாளில் கல்விமுறையில் நிலைபெற்றது.

குழந்தையோ படத்தை ஏணியாகக் கருதுவதில்லை. குடியிருக்கும் வீடாகவே கொள்கிறது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழின் வேதாளக் கதைகள் இதற்குச் சான்று. ‘சங்கர்’ என்னும் பெயரில் கே. சி. சிவசங்கரன் வரைந்த படத்தில், கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்து செல்வான். படம் அசைவதில்லை, ஒலிப்பதுமில்லை. ஆனால், பார்க்கும் குழந்தைக்குச் சருகுகள் நொறுங்கும் ஓசை கேட்கும். மரத்தின் பின்னே மறைந்திருப்பது யாது என்பதை ஓவியர் வரையவில்லை; குழந்தையே வரைந்துகொள்ளும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிய பின்னும் அக்குழந்தை அந்தக் காட்டைவிட்டு வெளியேறாது.

அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963இல் படைத்த நூலொன்று இந்த உண்மையைப் பக்க அமைப்பிலேயே காட்டுகிறது. குறும்பு செய்து, உணவின்றி உறங்க அனுப்பப்பட்ட சிறுவனின் அறை காடாக மாறுகிறது. தொடக்கத்தில் சிறு சட்டத்துக்குள் அடங்கியிருந்த படம், அவன் கற்பனை விரிய விரியத் தானும் விரிகிறது. கொடு விலங்குகளோடு அவன் கூத்தாடும் பக்கங்களில் சொற்களே இல்லை. வீடு திரும்பும் வழியில் சொற்கள் மீண்டும் வருகின்றன. இறுதிப் பக்கத்தில் படம் இல்லை. சில சொற்களே உள்ளன. அங்கே படம் தீட்டும் பொறுப்பு படிப்பவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இப்பொறுப்பை வளர்ந்தோர் ஏற்கத் தவறுவதை, பிரெஞ்சு எழுத்தாளர் செயிண்ட் எக்சுபெரி 1943இல் வெளிவந்த ‘குட்டி இளவரசன்’ நூலின் தொடக்கத்தில் காட்டுகிறார். யானையை விழுங்கிய மலைப்பாம்பை ஆறு வயதுச் சிறுவன் வரைகிறான். பெரியோர் கண்ணுக்கு அது தொப்பியாகத் தெரிகிறது. படம் வரைவதை விட்டுப் பாடங்களைப் படிக்குமாறு அவனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. அப்பெரியோர் தீயவர் அல்லர். பார்த்தவுடன் பெயர் சூட்டிவிட்டனர். பெயர் கிடைத்ததும் அவர்தம் பார்வை நின்றுவிட்டது. பச்சை நிறத்தில் காகம் வரைந்த குழந்தையிடம், காகம் கறுப்பு என்று திருத்துவதும் இத்தகையதே. அத்திருத்தம் உண்மைதான், ஆனால், ஏன் பச்சை என்று கேட்டிருந்தால் ஒரு கதை பிறந்திருக்கும்.

எழுத்தும் கற்பனைக்குப் பகையன்று. படமில்லாத புதினத்தைப் படிப்பவர், மாந்தரின் முகங்களையும் தெருக்களையும் தாமே உருவாக்குகிறார். எனவே, பக்கத்தில் படம் இல்லாமை இழப்பாகாது. படிப்பவர் மனத்தில் படம் எழாமையே இழப்பு. தேர்வுக்கான விடையை மட்டும் தேடும் கண், வரிகளின்மீது விரைந்து ஓடுகிறது, எவ்விடத்தும் தங்குவதில்லை. அவ்வாறு பழகிய மனம் வாழ்விலும் விரைந்தே கடக்கிறது. கட்டப்படாத பாலத்தை மனத்தில் காண்பவரே பொறியாளராகிறார். தாம் அறியாத ஒருவரின் பசியை மனத்தில் காண்பவரே ஈகையாளராகிறார். கற்பனை வற்றினால், அறிவோடு இரக்கமும் சேர்ந்தே வற்றும்.

முதுமை கற்பனையைப் பறிப்பதில்லை. 2020இல் தமது 96ஆம் வயதில் மறைந்த சிவசங்கரன், பல பத்தாண்டுகள் குழந்தைகளுக்காகத் தூரிகை பிடித்தவர். பயன்படுத்தப்படும் கற்பனை தேய்வதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவர் வரைந்த பழைய இதழ்கள் இன்றும் சில வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. எடுத்து விரிப்பவருக்கு அரசன் அன்று போலவே நடந்துகொண்டிருப்பான். மரத்தின் பின்னே நிற்பது யாது என்பதை மட்டும் பார்ப்பவரே வரைந்துகொள்ள வேண்டும்.