பீரும் நானும் ஓர் அட்டையும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதே என்று புத்தி சொல்லும் கட்டுரையும் இல்லை. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது. லைப்சிக்கில் படிக்க வந்த இந்த இரண்டு வருடத்தில் நான் குடித்த சில பீர்களைப் பற்றியும், அதை அம்மாவிடம் சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

என் அப்பா குடிப்பார். விசேஷத்துக்கு ஒரு கிளாஸ் என்கிற மாதிரி இல்லை. பத்தாம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துபோகிற மாதிரி. சின்ன வயதில் அவரைக் கூப்பிட்டு வரச் சொல்லி அம்மா என்னை ஒயின் ஷாப்புக்கு அனுப்புவாள். அங்கே யாரும் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. அப்பா நின்றபடியே குவார்ட்டரில் பாதியை பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, தண்ணீர் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். முகம் அஷ்டகோணலாகும். உடனே ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பார். 'இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்குக் குடிக்க வேண்டும்?' என்று அப்போது நினைத்திருக்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கல்லீரல் கெட்டு இறந்துபோனார்.

அதனால் கல்லூரியில் "பீரெல்லாம் சரக்கே இல்லடா" என்று நண்பர்கள் வற்புறுத்தியபோதும் நான் தொட்டதில்லை. ஜெர்மனிக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டது ஒரே ஒரு சத்தியம். செய்துகொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தை மீறியது உப்பும் கொத்தமல்லியும் என்றால் நம்புவீர்களா?

இரண்டாவது செமஸ்டர் தேர்வு முடிந்த அன்று விடுதி நண்பன் ஒருவன் என்னை ஒரு தோட்டக் கடைக்கு இழுத்துப் போனான். வழக்கம்போல ஆப்பிள் ஜூஸ் கேட்டேன். அவன் குடித்துக்கொண்டிருந்தது 'கோஸே' என்ற பீர். "இது இந்த ஊர் பீர். இதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள்" என்றான். அட, இது நம்ம ஊர் மோராச்சே! ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். லேசான புளிப்பு, நடுவில் கொத்தமல்லி வாசம், விழுங்கிய பிறகு நாக்கில் மெல்லிய உப்பு. வெயிலில் அலைந்து வந்தவனுக்கு யாரோ நீர்மோர் கொடுத்த மாதிரி இருந்தது. புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். நம்ம தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான்.

கோஸேயின் கதையும் சுவாரசியமானது. பிறந்த ஊர் கோஸ்லார். அங்கே ஓடும் கோஸே ஆற்றின் பெயர்தான் பீருக்கும். பிறகு லைப்சிக்காரர்கள் அதைத் தங்கள் பீராகவே ஆக்கிக்கொண்டார்கள். 1966-இல் கடைசியாக அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட, அந்த பீரே இல்லாமல் போனது. இருபது வருடம் கழித்து, 1986-இல், லைப்சிக்கில் ஒரு பழைய கோஸே விடுதியைத் திரும்பத் திறந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். (படிப்பாளி புத்தி எங்கே போகும்?) நிறம், நுரை, வாசனை, முதல் வாய், விழுங்கிய பிறகு மிஞ்சுவது என்று ஐந்து கட்டம். ஒரு வேளைக்கு ஒரே கிளாஸ். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பது இப்படித்தான் புரிந்தது. நம்ம ஊரில் பீரைப் பல் கூசும் அளவுக்குக் குளிர வைத்துக் குடிக்கிறார்கள் அல்லவா? அவ்வளவு குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப் போகும். கொஞ்சம் குளிர் விட்டால்தான் பீர் பேச ஆரம்பிக்கும்.

அடுத்து நோட்டில் ஏறியது பவேரியாவின் கோதுமை பீர், 'வைஸ்பியர்'. மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் போடுவதில்லை! எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. புளிக்கும்போது அது உண்டாக்கும் சில பொருள்களுக்கு அந்த வாசனை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1516-இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டப்படி பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, இந்த மூன்றுதான் இருக்கலாம். ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கோதுமைக்கும் அனுமதி இல்லை. ஆனால் 1602-இலிருந்து கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைக் கோமகன்களே கையில் வைத்துக்கொண்டு காசு பார்த்தார்கள். சட்டம் ஊருக்குத்தானே! 1872-இல் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையை வாங்கியதால் இன்று அந்த வாழைப்பழ வாசம் நமக்கும் கிடைக்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை ரயிலேறி பாம்பெர்க் போனேன். அங்கே 'ராவ்க்பியர்', அதாவது புகை பீர். முளைகட்டிய பார்லியை பீச் மர விறகின் புகையில் உலர்த்துகிறார்கள். சூடான காற்றில் உலர்த்தும் முறை வருவதற்கு முன்னால் நெருப்பில் உலர்த்திய தானியத்தில் புகைநெடி ஏறுவது சகஜம். மற்ற ஊர்கள் புது முறைக்கு மாறிவிட்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு பழைய இடங்கள் இன்னமும் தங்கள் தானியத்தைத் தாங்களே புகையில் போடுகின்றன. முதல் வாய், பாட்டி வீட்டு விறகடுப்புச் சுவரை நக்கிய மாதிரி இருந்தது. பக்கத்து மேஜைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூன்றாவது கிளாஸில்தான் பிடிக்கும்" என்றார். அது அந்த ஊரில் எல்லோரும் சொல்வது.

எனக்குச் சுருக்கென்றது. பிடிக்காததைப் பிடிக்கும் வரை குடிப்பது என்றால் அது எனக்குத் தெரிந்த பாதை. ஒரு கிளாஸோடு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதம் போய் இரண்டாவது, அதற்கடுத்த மாதம் மூன்றாவது. பெரியவர் சொன்னது சரிதான், மூன்றாவதில் பிடித்தது. புகைக்கு அடியில் ரொட்டி மேல்தோலின் இனிப்பு ஒளிந்திருந்தது. மூன்று கிளாஸுக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது.

கொலோன் நகரத்தில் பார்த்ததைச் சொல்லாவிட்டால் தலைப்புக்கு அர்த்தம் இருக்காது. அங்கே 'கோல்ஷ்' என்ற வெளிறிய பொன்னிற பீரை 200 மில்லி பிடிக்கும் ஒல்லி கிளாஸில் தருகிறார்கள். தீர்ந்ததும் பரிமாறுபவர் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். 'போதும்' என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் வைத்து மூட வேண்டும். பந்தியில் இலைக்கு மேல் கையை வைத்து மறைப்போமே, அதே மாதிரி. மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். நான் இரண்டாவதில் மூடினேன். அப்பா நின்று குடித்த இடத்தில் மூடுவதற்கு இப்படி ஓர் அட்டை இருந்ததா என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

இதற்குள் எனக்கு ஒரு கொள்கையே உருவாகியிருந்தது. ருசிக்குக் குடிப்பவன் வேறு, போதைக்குக் குடிப்பவன் வேறு. அப்பா இரண்டாவது வகை, நான் முதல் வகை. ஆகவே பயமில்லை. இந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா வழக்கம்போல, "நீ ஒண்ணும் தொடலையேடா?" என்று கேட்டபோது முதல்முறையாகப் பொய் சொல்லாமல் இருந்தேன்.

"தொட்டேம்மா. பீருதான். மாசத்துக்கு ரெண்டு தடவை. அநேகமா ஒரு கிளாஸோட சரி."

அந்தப் பக்கம் சத்தமில்லை. மோர் மாதிரி இருக்கும், உப்பு போடுவார்கள், கொத்தமல்லி போடுவார்கள், நோட்டில் எழுதி வைக்கிறேன் என்றெல்லாம் உளறினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பாவும் கல்யாணமான புதுசுல பீருதான் குடிச்சாரு. ஒரு பாட்டிலுதான். ருசியா இருக்குன்னுதான் சொன்னாரு" என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

முகத்தைச் சுளித்து விழுங்கிய அப்பாவை மட்டுமே எனக்குத் தெரியும். ருசித்துக் குடித்த ஓர் அப்பா இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு வகை மனிதர்கள் என்று நான் போட்டு வைத்திருந்த கோடு அந்த ஒரு வரியில் அழிந்துவிட்டது. ருசி தெரிந்தவன் தப்பித்துவிடுவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி மூட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு ஒரு மாதம் எதையும் தொடவில்லை. போன வாரம் நண்பன் கூப்பிட்டபோது போனேன். ஒரு கோஸே குடித்து, நோட்டில் எழுதிவிட்டு, காலிக் கிளாஸின் மேல் அட்டையை வைத்தேன். லைப்சிக்கில் அந்த வழக்கம் கிடையாது. பூச்சி விழாமல் இருக்க மூடியிருக்கிறான் என்று பரிமாறிய பெண் நினைத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா "தொடலையே?" என்று கேட்பதில்லை. "எத்தன?" என்று கேட்கிறாள். நான் எண்ணிக்கையைச் சொல்கிறேன்.