மணிக்கயிறு

ஆம்பளை செத்தால் மும்மூணாக ஒன்பது அடி. பொம்பளை செத்தால் ரெவ்வெண்டாக ஆறு அடி. அப்புறம் செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. வயலில் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எண்ணுவார்களாம். எண்ணி முடிப்பதற்குள் போனது யாரென்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் பல கிராமங்களில் இருந்த பழைய வழக்கம் இது. 2019-ல் ஒரு கருத்தரங்குக்காக அங்கே போனபோது சஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கினேன். தங்கிய வீட்டு அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னார். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

எங்க ஊரிலும் துக்க மணி உண்டு. கத்தோலிக்க ஊர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் கோயில்பிள்ளை மணி அடிப்பார். எங்க தெருவில் விழுந்தால் அடிக்கமாட்டார். எங்களுக்குப் பறைதான். ஊர்த்தெருச் சாவுக்கும் எங்க அப்பாதான் போய்ப் பறை அடிக்கணும். 2001-ல் ஆயா செத்தப்ப நான் ஒன்பதாவது படிச்சிக்கிட்டிருந்தேன். அப்பா போய், "ஒரு ரெண்டு அடி அடிங்க" என்று கேட்டார். "கயிறு அறுந்து கெடக்குப்பா" என்றார் கோயில்பிள்ளை. மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு மணி அடித்தது. ஆயாவை அப்போதுதான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவும் மணி அடிக்கிறவர். வாரம் ஒரு ராத்திரி பயிற்சி. என்னையும் கூட்டிப் போனார். சுழல் படியேறினால் ஒரு சின்ன அறை. கூரையிலிருந்து வட்டமாக ஆறு கயிறு தொங்குகிறது. ஒரு கொத்தனார், ஒரு விவசாயி, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், பதினாலு வயசுப் பெண் ஒருத்தி, இந்த அம்மா, இன்னொரு பெரியவர். ஆளுக்கொரு கயிறு.

நம்ம ஊரில் கயிற்றை இழுத்தால் மணி ஆடி, நாக்கு போய் இடிக்கும். அங்கே மணியைப் பெரிய மரச்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, வாய் மேலே பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு இழுப்புக்கு முழுவட்டம் சுற்றி ஒரே ஒரு அடி. நினைத்தபடி சட்டென்று அடிக்க முடியாது. கொஞ்சம் முந்தலாம், கொஞ்சம் பிந்தலாம். அதனால் பாட்டு வாசிக்க முடியாது. அதற்குப் பதில் வரிசையை மாற்றுகிறார்கள். முதலில் 1-2-3-4-5-6. அடுத்து 2-1-4-3-6-5. ஒரு மணி ஒரு தடவைக்கு ஒரு இடம்தான் நகரலாம். ஆறு மணிக்கு 720 வரிசை வரும், ஏழு மணிக்கு 5,040. 1963-ல் லஃப்பரோ என்ற ஊரில் எட்டுப் பேர் எட்டு மணியில் 40,320 வரிசையையும் நிறுத்தாமல் அடித்தார்கள். கிட்டத்தட்ட 18 மணி நேரம். காகிதம் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். அச்சுத்தொழில் பழகிய ஃபேபியன் ஸ்டெட்மன் என்பவர் 1677-லேயே இந்தக் கணக்குக்குப் புத்தகம் எழுதிவிட்டார்.

ஆறு மணியும் மாறுகிற முறையில் முதல் மணி முதலிலேயே நிற்க முடியாது. ஒவ்வொரு இடமாகக் கடைசிவரை போய்த்தான் திரும்பணும். அங்கே நின்று இதைக் கேட்ட எனக்கு வயிறு எரிந்தது. எங்க அப்பாவுக்கும் கணக்கு தெரியும். சாவுக்கு ஒரு அடி, சாமி புறப்பாட்டுக்கு ஒரு அடி, எல்லாம் மனப்பாடம். அந்த அறிவுக்கு இந்த நாட்டில் வைத்த பெயர் இழிதொழில்.

அங்கேயும் மணி அடித்தவர்களில் நிறையப் பேர் கூலிக்காரர்கள், கைத்தொழில்காரர்கள். கோபுரத்துக்குள் பீப்பாய் வைத்து பீர் குடிக்கிறார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் பாதிரியார்கள் சண்டை போட்டார்கள். ஆனால் அவர்கள் கை பட்டுக் கயிறு தீட்டாச்சு என்று யாரும் தண்ணி தெளிக்கவில்லை. பெண்களுக்குத்தான் ரொம்ப காலம் இடமில்லை. 5,000-க்கு மேல் வரிசை கொண்ட முழு அடிப்பில் ஒரு பெண் முதன்முதலாக நின்றது 1896-ல். பேர் ஆலிஸ் வைட்.

அந்த மணியை ரொம்ப நல்ல மணி என்றும் நினைத்துவிட வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள். அதற்கும் பல ஊர்களில் மணி இருந்தது. காலையில் மணி அடிக்குமுன் யாரும் வயலில் இறங்கக்கூடாது. சாயங்காலம் அடித்தால் வெளியேறணும். கதிர் பொறுக்க ஏழைக்கு உரிமை கிடையாது என்று 1788-ல் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. எங்க ஆயாவும் கதிர் பொறுக்கினவள், எலி வளை தோண்டி நெல் எடுத்தவள். அவளை விரட்ட மணி தேவைப்படவில்லை. ஒரு அதட்டல் போதும்.

பயிற்சி முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். அந்த அம்மா, "நீங்களும் புடிச்சிப் பாருங்க" என்றார். கயிற்றில் கம்பளி சுற்றிய இடத்தை அவர் இழுப்பார், நுனி இழுப்பு எனக்கு. மேலே அவ்வளவு பெரிய வெண்கலம் புரள்வது உள்ளங்கையில் தெரிந்தது. எண்ணிக்கொண்டே இழுத்தேன். ஆறு ஆனதும், "போதும்மா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "அங்க அடிச்சது சரிதான். இங்க கயிறு யாரு கையில இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் போய் நிற்கணும், கோயில் வாசலில்.