எட்டும் எழுபத்தெட்டும்

உலகத்திலே பரீட்சைகள் பல வகை. படித்ததை நினைவில் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பன சில. உடம்பும் உள்ளமும் ஒருங்கே இணங்கினாலன்றித் தேற முடியாதன வேறு சில. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப் பரீட்சை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நிலத்திலே கீறிய கோடுகளும் நிறுத்தி வைத்த கூம்புகளுமே அங்கு வினாக்கள்; கையும் காலும் கண்ணும் சேர்ந்து சொல்வதே விடை.

அந்தப் பரீட்சைக்கு நான் என் நாற்பத்தெட்டாவது வயதில், 2016ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் தோற்றினேன். அதுவும் மோட்டார் சைக்கிளில் அன்று. கியர் மாற்றும் வேலையே இல்லாத பெரியதொரு தானியங்கி ஸ்கூட்டரில். "இந்த வயதில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்டவர் பலர். விளையாட்டு அன்று என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊர் அனலைதீவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு அது. பரப்பளவு ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பனையும், புகையிலைத் தோட்டமும், ஐயனார் கோயிலும், நாற்புறமும் கடலுமாக அமைந்த ஊர். அங்கே நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது இளம்பிள்ளைவாதம் என்னைப் பற்றிற்று. உயிர் தப்பியது, ஆனால் இடது கணுக்காலுக்குக் கீழே பாதம் சொல்வழி கேட்பதை விட்டுவிட்டது. இன்றைய பிள்ளைகள் இந்நோயைக் கண்டறியார். சொட்டு மருந்தின் பயனாக இலங்கையில் 1993ஆம் ஆண்டுக்குப் பின் எவருக்கும் இது வந்ததாகப் பதிவில்லை. அக்காலத்திலோ, "பெடியனுக்குக் கால் வழங்காது" என்ற ஒரு சொல்லோடு என் எதிர்காலத்தைப் பாதி தீர்மானித்துவிட்டார்கள்.

சைக்கிளை நான் எப்படியோ வசப்படுத்திக்கொண்டேன். வலது கால் மிதிக்க, இடது கால் வெறுமனே உடன் சுற்றி வரும். எண்பதுகளின் தொடக்கத்திலே பெரியண்ணன் ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிளை வாங்கிப் படகிலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தபோதுதான் என் குறையின் உண்மையான அளவு எனக்குத் தெரிந்தது. அந்த வண்டியின் கியர் இடது காலடியில் இருந்தது. பாதத்தின் நுனியை உயர்த்தியும் தாழ்த்தியும் அதனை மாற்ற வேண்டும். என் வயதுப் பெடியன்கள் எல்லோரும் கோயில் வீதியிலே முறைவைத்து ஓடிப் பழகினார்கள். என் முறை வந்ததும் அண்ணன், "தம்பி, நீ பின்னாலை ஏறு, நான் ஏத்திக்கொண்டு போறன்" என்பார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனாலும் அன்பினால் சொல்லப்படுவதாலேயே மறுக்க முடியாத சொற்கள் சில உண்டு. அன்று ஏறிய பின்னிருக்கையிலிருந்து நான் இறங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இலண்டனுக்கு வந்து, மருத்துவமனையொன்றில் இரவுப் பணியில் அமர்ந்தேன். வேலை முடியும் விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி வீடு சேரவேண்டும். காரைக் கொண்டுபோனால் நிறுத்துவதற்கு இடம் கிடையாது. கிடைத்தாலும் கட்டணம் கட்டுபடியாகாது. ஆகவே இருசக்கர வண்டி ஒன்று தேவையாயிற்று. இது ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளே கிடந்த காரணம் வேறு. அதனை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர்.

வீட்டிலே எதிர்ப்பு எழுந்தது. "இரண்டு பிள்ளைகள் இருக்கினம். நீங்கள் விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்று மனைவி கேட்டாள். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா, "அந்தக் காலோடை உனக்கேன் ராசா இந்த வேலை?" என்று அழுதார். இருவர் கேட்டதும் நியாயமான கேள்வியே. அதற்கு வாயினால் விடை சொல்ல இயலாது என்று கண்டு, முறைப்படி பழகுவது என்று தீர்மானித்தேன்.

இங்கிலாந்தின் சட்டம் கண்டிப்பானது. உடலிற் குறையுள்ளவர் அதனை அனுமதிப்பத்திர அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். பின்னர் அடிப்படைப் பயிற்சி. அதன்பின் எழுத்துப் பரீட்சையில் 50 வினாக்களில் 43க்குச் சரியான விடை. வீதியிலே வரும் ஆபத்தைப் படக்காட்சியில் கண்டுணரும் சோதனையில் 75க்கு 44 புள்ளி. இவற்றைக் கடந்தபின்னரே ஓட்டப் பரீட்சை. இருபத்துநான்கு வயதுக்கு மேற்பட்டவர் எந்த அளவு வண்டியையும் ஓட்ட உரிமை பெற விரும்பினால், பரீட்சைக்குக் கொண்டுவரும் வண்டி 595 கன சென்ரிமீற்றருக்குக் குறையாத எந்திரமும், அந்நாளிலே 40 கிலோவாட்டுக்குக் குறையாத வலுவும் உடையதாயிருத்தல் வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்திய தானியங்கி ஸ்கூட்டர்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று சுசுக்கி பேர்க்மன் 650. எந்திரம் 638 கன சென்ரிமீற்றர். நிறை 270 கிலோவுக்கு மேல். முதன்முதல் அதனருகே நின்றபோது, கட்டுமரம் ஏறத் தெரியாதவன் கப்பலைப் பார்த்ததுபோல் இருந்தது.

இத்தகைய வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை. கியர்ப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றிடையே ஓடும் வார்ப்பட்டி ஒன்றும் உள்ளன. வேகம் கூடக் கூட ஒரு கப்பியின் வாய் ஒடுங்கும், மற்றதன் வாய் அகலும். அதனால் வார்ப்பட்டி ஓடும் வட்டங்களின் அளவு மாறி, கியர் தானாகவே மாறியது போலாகும். கிளச்சும் எந்திரம் சுழலும் வேகத்துக்கேற்பத் தானே பற்றும், தானே விடும். முன் பிறேக் வலது கையில், பின் பிறேக் இடது கையில். கால்கள் இரண்டும் வெறுமனே பலகையில் இருக்கும். வண்டி நிற்கும்போது ஒரு கால் ஊன்றினாற் போதும்; அதற்கு என் வலது கால் இருந்தது.

"அப்படியானால் எளிதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிளில் மெல்ல ஊர்ந்து திரும்பும்போது, ஓட்டுபவர் கிளச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு வேகத்தை நூலிழைபோல் அளந்து கொடுப்பார். முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை இறுகப் பற்றிக்கொள்வார். ஸ்கூட்டரிலே பிடிக்கக் கிளச்சும் இல்லை, பற்றத் தாங்கியும் இல்லை. வேகம் மிகக் குறைந்தால் தானியங்கிக் கிளச் திடீரென்று விட்டுவிடும். பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாயும். ஆகவே வலது கையால் எந்திரத்தைச் சீராக இழுக்கவிட்டு, இடது கையால் பின் பிறேக்கை இலேசாகத் தடவிக்கொண்டே போகவேண்டும். "பெரிய ஸ்கூட்டரை வேகமாக ஓட்ட எவரும் பழகலாம்; மெதுவாக ஓட்டுவதற்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும்" என்று என் பயிற்றுநர் அடிக்கடி சொல்வார்.

பரீட்சை இரு பகுதிகளாக நடைபெறும். 2009ஆம் ஆண்டிலிருந்து இதுவே அங்கு முறை. முதற் பகுதி வீதியிலன்று, அடைத்த மைதானத்தில். அதில் முதற் சோதனையே எனக்குப் பெருஞ்சோதனையாயிற்று: எந்திரத்தை நிறுத்தி, வண்டியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உருட்டி வைக்க வேண்டும். 270 கிலோவை உருட்டும்போது தானியங்கி என்ன உதவி செய்யும்? இடுப்பை இருக்கையோடு அணைத்து, வலது காலை ஊன்றி ஊன்றி, அடியடியாக உருட்டினேன். அவசரப்படுத்துவார் எவருமில்லை. பரீட்சகர் பேசாமல் நின்று பார்த்தார். வண்டி கட்டத்துக்குள் வந்து நின்றது.

அடுத்தது கூம்புகளிடையே வளைந்து சென்று, இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டுப் போடுதல். எட்டுப் போடுதல் என்பது நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் தொன்றுதொட்டு வரும் சோதனை. இலண்டனிலும் அதே எட்டுத்தான். இங்கே காலைத் தரையில் ஊன்றினால் அது குற்றமாகக் குறிக்கப்படும். என்னோடு பழகிய இளைஞர் பலர் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தம்மையறியாமல் இடது காலை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ நீட்டுவதற்கு அந்தக் கால் என்றுமே இருந்ததில்லை. விழாமல் இருப்பதற்கு எனக்கிருந்த ஒரே வழி, பார்வையைத் தூரத்தில் வைத்து, பாரத்தைச் சமன் செய்து, சீராகச் செல்வதுதான். நாலு வயதிலிருந்து நடக்கும்போதெல்லாம் நான் பழகிவந்த வித்தையும் அதுவே. குறை என்று ஊர் சொன்னது அந்த ஒரு நிமிடத்திலே எனக்கு ஆசிரியனாக நின்றது.

பின்னர் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை எட்டி, கை காட்டியவுடன் நிறுத்துதல். அதே வேகத்தில் குறுக்கே தடை ஒன்று இருப்பதாகக் கொண்டு விலகிச் செல்லுதல். முதற் பகுதியில் ஐந்து சிறு குற்றங்கள் வரை பொறுக்கப்படும். எனக்கு இரண்டு குறிக்கப்பட்டன. சில வாரங்களின் பின் வீதியிலே இரண்டாம் பகுதி. பரீட்சகர் தம் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து, காதிலே பொருத்திய வானொலிக் கருவிமூலம் வழி சொல்லிக்கொண்டு வந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் முதுகைப் பார்த்துச் சென்றவன் நான்; அன்று ஒருவர் என் முதுகைப் பார்த்து வந்தார். தேறினேன்.

அனுமதிப்பத்திரம் தபாலில் வந்தது. அதன் பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்புக்கு எதிரே "78" என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. தானியங்கி வண்டிகளை மட்டுமே ஓட்டலாம் என்பது அதன் பொருள். நண்பர் ஒருவர் அதைப் பார்த்து, "மச்சான், அரை லைசென்ஸ்தானே எடுத்திருக்கிறாய்!" என்று சிரித்தார். அதே பத்திரத்தில் "01" என்ற எண்ணும் இருந்தது; கண்ணாடி அணிந்து ஓட்டவேண்டும் என்பது அதன் பொருள். நண்பரின் பத்திரத்திலும் அது உண்டு. "அப்படியானால் உனக்கு அரைக் கண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

அந்த எண் இழிவன்று, உண்மை. நான் எதைச் செய்து காட்டினேனோ அதற்குச் சட்டம் சான்று தந்தது. செய்து காட்டாததற்குத் தரவில்லை. இந்தியாவிலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ளது என இரு வகுப்புகளை வகுத்திருக்கிறது. ஸ்கூட்டரில் எட்டுப் போட்டவர் அந்தப் பத்திரத்தோடு கியர் வண்டி ஓட்ட முடியாது. இலங்கையிலோ எந்திரத்தின் அளவைக்கொண்டு, 100 கன சென்ரிமீற்றர் வரை ஏ1 என்றும் அதற்கு மேல் ஏ என்றும் பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் முழு வகுப்புக்கான வண்டியின் வலுவை 2019ஆம் ஆண்டு முதல் 50 கிலோவாட்டாக உயர்த்திவிட்டார்கள். நான் ஓட்டிய ஸ்கூட்டர் அந்த அளவை எட்டாது. இன்று என் போன்றவர் அதே பரீட்சைக்குப் போவதாயின் வேறு வண்டி தேடவேண்டும். அல்லது நடுத்தர ஸ்கூட்டரில் அடுத்த கீழ்வகுப்பைப் பெறவேண்டும். கதவின் அகலத்தைச் சட்டம் காலத்துக்குக் காலம் மாற்றும். ஆனால் பரீட்சகர் உண்மையில் தேடுவது எங்கும் ஒன்றே: சமநிலையும், தூரப் பார்வையும், பிறர் உயிருக்கு அஞ்சும் நிதானமும். இடது பாதம் கியர் மாற்றுமா என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இப்பொழுது நம் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆசிரியைகளும் தாதியரும் மாணவியரும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் வேலைக்கும் வகுப்புக்கும் போய்வருகிறார்கள். அது வசதிக்காக மட்டும் வந்த வண்டி என்று எண்ணிவிடலாகாது. பின்னிருக்கையே கதி என்று இருந்த பலரை அது முன்னிருக்கைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு ஏதேனும் ஓர் உறுப்புக் குறைந்திருந்தால், "உனக்கேன் இந்த வேலை" என்று சொல்ல நா எழும். அதற்குக் காரணம் பாசமே என்பதையும் அறிவேன். ஆயினும் அதைச் சொல்லுமுன், அந்தக் குறைக்கு இடம் விட்டுச் செய்த கருவி ஏதும் உலகில் உண்டா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கருவி கிடைத்தபின், பரீட்சையை இலகுவாக்கும்படி எவரையும் கேட்கவேண்டாம். எல்லோரும் போடுகிற அதே எட்டைத் தன் கையால் போட்டுத் தேறியவனுக்கு எழுபத்தெட்டு என்ற எண் ஒரு பாரமாகத் தோன்றாது.