நான்கு கட்டங்களில் ஓர் எண்ணம்

குறுக்கெழுத்துப் புதிர் நமக்கு அறிமுகமானது ஒரு மளிகைக் கடைத் திண்ணையில். பொட்டலம் மடிப்பதற்காக வாப்பா வாங்கிப் போட்டிருந்த பழைய வார இதழ்களில், முன்பின் அறியாத எவரோ பாதி நிரப்பிவிட்டுப் போன கட்டங்களைக் காண்போம். எஞ்சியவற்றைப் பென்சில் கொண்டு நிரப்புவோம். விடை வெளிவந்த அடுத்த வார இதழ் நம் கைக்கு வந்து சேர்ந்ததே இல்லை. ஆகவே, எழுதிய சொல் சரியா என்பதைக் குறுக்கே வரும் சொல்லைக் கொண்டே தெளிய வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் சரி, இல்லையேல் அழிப்பான். நாம் பெற்ற முதல் இலக்கியப் பயிற்சி அதுவே என்று இன்றும் கருதுகிறோம்.

ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளியிட்ட வைர வடிவப் புதிரே இன்றைய குறுக்கெழுத்தின் முன்னோடி. கடல் கடந்து வந்த அக்கலை தமிழில் தனிக்கோலம் பூண்டது. இங்கே உயிருக்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம். ஒற்று மிகுமா மிகாதா என ஐயுறும் மாணவருக்கு இதனினும் சிறந்த இலக்கண ஆசிரியர் இல்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு நில்லாமல், வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சொற்கள் ஓடுவது நம் வார இதழ்களின் வழக்கம். மக்தபில் அரபெழுத்து ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு வலமிருந்து இடம் செல்வது புதிதன்று.

ஆயினும், புதிர்க் குறிப்புகளுள் நம்மைப் பெரிதும் அலைக்கழித்தவை மனத்தின் தொழிலைச் சுட்டுவனவே. ‘நெல் குத்தப் பயன்படுவது’ என்றால் உலக்கை என எழுதிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். ‘மனத்தில் தோன்றுவது, நான்கெழுத்து’ என்றால் என் செய்வது? எண்ணம், கருத்து, சிந்தனை, நாட்டம், நோக்கம் ஆகிய ஐந்தும் நான்கு கட்டங்களில் அழகாக அமர்ந்துவிடும். ஆனால் ஐந்தும் ஒன்றல்ல. ஆராய்ந்து நிலைபெற்றது கருத்து. தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பது சிந்தனை. ஒன்றை விரும்பிச் செல்வது நாட்டம். எண்ணமோ எண்ணுதலின் பிள்ளை; கணக்கிடுவதையும் கருதுவதையும் ஒரே வினையால் குறித்தவர் நம் முன்னோர். சூழ்ச்சியும் நான்கெழுத்தே. இன்று வஞ்சகம் எனப் பொருள்படும் அச்சொல், திருக்குறளில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறிக்கின்றது. தொல்காப்பிய உரியியலும் உசா என்னும் சொல்லுக்குச் சூழ்ச்சி என்றே பொருள் உரைக்கின்றது. ஒரு சொல்லின் வாழ்வும் தாழ்வும் அதனைச் சூழ நிற்கும் பிற சொற்களால் அமைவதை இதனால் உணரலாம்.

இவ்வளவும் அறிந்திருந்த நாமே ஒருமுறை பெரும்பிழை செய்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், வணிகவியல் முதலாண்டு மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கையில், நாமே ஒரு புதிர் அமைத்து வழங்கினோம். இடமிருந்து வலம் ஒரு குறிப்பு: ‘செயலுக்கு முன் உள்ளத்தில் எழுவது, நான்கெழுத்து.’ அதன் மூன்றாம் கட்டத்தை நடுவெழுத்தாகக் கொண்டு மேலிருந்து கீழ் ஒரு குறிப்பு: ‘நல்லோரிடம் விளங்குவது, மூன்றெழுத்து.’ நாம் கருதிய விடைகள் எண்ணம், குணம் என்பன. ஒரு மாணவர் மட்டும் முதற்குறிப்பிற்கு ‘நிய்யத்’ என எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்தோம். அத்துடன் நின்றிருந்தால் குற்றம் சிறிதாகியிருக்கும். “தம்பி, இது தமிழ் வகுப்பு; அரபு வகுப்பன்று” என்று உரக்கவும் சொன்னோம். வகுப்பு சிரித்தது. அவர் தாளை வாங்கிக்கொள்ளாமலே அமர்ந்தார். அதுவரை முன்வரிசையில் இருந்து வினாத் தொடுத்தவர், அடுத்த நாள் முதல் கடைசி வரிசைக்குச் சென்றார்.

சில வாரங்களில் நோன்பு பிறந்தது. ஒரு நாள் சஹர் உண்டு எழுகையில், எண்பதை நெருங்கிய உம்மா, “நிய்யத்து வச்சியாப்பா?” என்று வினவினார். ‘வைத்தேன்’ என்று சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றோம். அவ்விடத்தில் எண்ணம் என்ற சொல்லை நம் இல்லத்தில் எவரும் இட்டதில்லை. இட்டால் பொருந்தவும் பொருந்தாது. செயலுக்கு முன் உள்ளம் கொள்ளும் உறுதியன்றோ நிய்யத்? புகாரித் தொகுப்பின் முதல் நபிமொழியே அதனைப் பற்றியதன்றோ? தீன் என்னும் அரபுச் சொல்லை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ஆண்டிருக்கிறார் என வகுப்பில் பெருமையோடு உரைக்கும் நாம், உம்மாவின் நாவில் வாழும் சொல்லை எப்படி அயலாக்கினோம்?

அன்று கல்லூரிக்குச் சென்றதும் மேசை அறையில் கிடந்த அத்தாளை எடுத்தோம். நிய்யத் என்பதன் மூன்றாம் எழுத்து ‘ய’. அதன்வழி மேலிருந்து கீழாக அவர் எழுதியிருந்த சொல் ‘நயம்’. நல்லோரிடம் விளங்குவது நயம்! இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவர் ஊகித்து எழுதவில்லை. குறுக்கே வரும் சொல்லைப் பார்த்தே எழுதியிருந்தார். திண்ணையில் விடையின்றிக் கற்ற பாடத்தை, விடைத்தாள் கையிலிருந்த காரணத்தால் நாம் மறந்திருந்தோம்.

அன்றே அழைத்துப் பேசியிருக்க வேண்டும். ஆசிரியர் என்னும் செருக்குத் தடுத்தது. நாளை சொல்லலாம், ஆண்டிறுதியில் சொல்லலாம் என்றே மூன்றாண்டுகள் கழிந்தன. பட்டம் பெற்று வளைகுடா நாடொன்றிற்குப் பணிக்குச் சென்றுவிட்டார் எனப் பின்னர்க் கேள்வியுற்றோம். சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் என்றும் இருந்தது, நிய்யத் இல்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எந்த நிகண்டும் இவ்வளவு தெளிவாக நமக்கு உணர்த்தியதில்லை.

மாணவச் செல்வங்களே, பிறருடைய விடை நம் விடையோடு ஒவ்வாதபோது, அடிப்பதற்கு முன் குறுக்கே வரும் சொல்லையும் ஒருமுறை பாருங்கள். அவர் வீடு, அவர் ஊர், அவர் தாயின் வழக்கு ஆகியனவும் அக்கட்டத்தின் வழியே செல்லக்கூடும். உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இதுவே நம் விண்ணப்பம்.

அந்தத் தாள் இன்றும் நம்மிடம் உள்ளது. சிவப்புக் கோடுகளின் அருகே இரண்டு மதிப்பெண்களும் நம் கையொப்பமும் இட்டு வைத்துள்ளோம். இம்மலர் என்றேனும் அவர் கைக்குச் சேருமாயின், தாளை வாங்கிக்கொள்ள அவர் வரலாம்; முகவரி கிடைப்பின் நாமே அனுப்புவோம். இம்முறை நிய்யத் வைத்துவிட்டோம்.