முயல் தின்றது என்ன?

ஆசிரியர் தாம் செய்த தவற்றை மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளலாமா என்று தோழியொருவர் அண்மையில் கேட்டார். என் வகுப்பில் நடந்த ஒன்றையே அவருக்குப் பதிலாகத் தருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்காகப் பள்ளித் தோட்டத்தில் ஒரு முயலை வளர்த்தோம். புல்லும் கங்கோங் கீரையும் இடுவது மாணவர்களின் பொறுப்பு. ஒரு நாள் காலை, அதிகம் பேசாத மாணவன் ஒருவன் ஓடிவந்து, “டீச்சர், முயல் தன் புழுக்கையையே தின்னுது!” என்றான். வகுப்பே சிரித்தது. “அசிங்கமாகப் பேசாதே. அது தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்திருக்கும்” என்று கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அந்த வாரம் முழுவதும் அவன் கை உயரவே இல்லை.

மனம் உறுத்தவே நூல்களைப் புரட்டினேன். அவன் கண்டது உண்மை. மோரோ என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்திருக்கிறார்.

முயல் இருவகைப் புழுக்கைகளை இடுகிறது. கூண்டில் நாம் காண்பது உலர்ந்த, நார் மிகுந்த உருண்டை. மற்றது மென்மையானது, சளிப்படலம் போர்த்திய சிறு திராட்சைக் கொத்துப் போன்றது. அது தரையில் விழுமுன்பே முயல் அதனை வாயால் எடுத்து விழுங்கிவிடும்.

இந்த மென்புழுக்கை குருட்டுக்குடலில் உருவாகிறது. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் செரியாத நாரைப் புளிக்கவைத்து, அங்குள்ள அம்மோனியாவைக் கொண்டு தம் உடலுக்கான புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. மாட்டின் வயிற்றில் இத்தகைய நுண்ணுயிர்கள் சிறுகுடலுக்கு முன்னரே இருப்பதால், அவை கீழிறங்கும்போது செரித்து உணவாகிவிடுகின்றன. முயலின் குருட்டுக்குடலோ சிறுகுடலைத் தாண்டி இருக்கிறது. அங்கே உருவான புரதம் உடலில் சேர வேண்டுமானால், அது மீண்டும் வாய்வழியே உட்சென்றாக வேண்டும்.

மென்புழுக்கையின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு புரதம். உலர்ந்த புழுக்கையில் ஏறக்குறைய அதில் பாதிதான். லைசின் போன்ற இன்றியமையாத அமினோ அமிலங்களும் பி வகை உயிர்ச்சத்துகளும் மென்புழுக்கையில் உண்டு. தீவனத்தைப் பொறுத்து, முயல் உட்கொள்ளும் மொத்தப் புரதத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கிறது. ஆகவே, வீட்டில் முயல் வளர்க்கும் பெற்றோர்களே, அது அவ்வாறு உண்ணும்போது விரட்டாதீர்கள்.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவனை அருகில் அழைத்தேன். “நீ கண்டது சரி. பார்க்காமலேயே தவறென்று சொன்னது நான். என்னை மன்னித்துவிடு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னர் கரும்பலகையில் முயலின் குடலை வரைந்து பாடத்தை நடத்தினேன்.

பாடம் முடியும் வேளையில் அவன் கை உயர்ந்தது. “டீச்சர், குட்டி முயலுக்கு அந்த நுண்ணுயிர் எங்கிருந்து வரும்?”

தாய்முயல் கூட்டில் விட்டுச்செல்லும் சில புழுக்கைகளைக் குட்டிகள் தின்னும். நுண்ணுயிர்கள் அவ்வழியேயும் வந்து சேரும் என்று விளக்கினேன். அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒப்புக்கொள்ளலாம். நான் தயங்கியிருந்தால், அந்தக் கை அந்த ஆண்டு முழுவதும் உயராமலேயே போயிருக்கக்கூடும்.