குழாயில் தேங்கிய நீர்

எங்கள் ஊரின் பெயர் நல்லதண்ணி. சிவனொளிபாத மலைக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டிறங்கி, பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த ஊரில் பிறந்த நான் தண்ணீருக்குப் பயந்ததில்லை, வாப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் வரை.

மூச்சுத் திணறி விழுந்தவரை நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் சுவாசக் கருவியில் போட்டார்கள். மூன்றாம் நாள் கண் திறந்து என் விரலைப் பிடித்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். நுரையீரலில் புதிதாக ஒரு தொற்று என்றார் வைத்தியர். வீட்டிலிருந்து கொண்டுபோன நோயல்ல அது, அங்கே பிடித்தது.

தாதி ஒருவர்தான் குழாயைக் காட்டி விளங்கப்படுத்தினார். "சேர், கருவி அனுப்புவது சூடான ஈரக் காற்று. குழாய் குளிர்ந்தால் உள்ளே தண்ணீர் கட்டும். அதில் கிருமி வளரும். நோயாளியைப் புரட்டும்போது அது நெஞ்சுப் பக்கம் ஓடக் கூடாது. அடிக்கடி வடிக்க வேண்டும். தலைமாட்டையும் உயர்த்தி வைக்க வேண்டும்."

அன்றிரவு அத்தனை கட்டில்களுக்கும் அவரோடு இன்னொருவர் மட்டுமே. வாப்பா பதினோராம் நாள் மௌத்தானார். அந்த நீர்தான் காரணமா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். சுனாமிக்கு அடுத்து வந்த 2005இல், பிள்ளைப்பேற்றுக்காகச் சத்திரசிகிச்சைக்குப் போன நம் நாட்டுத் தாய்மார் ஐவருக்கு, முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி ஏற்றிய பின் மூளை உறையில் பங்கசுத் தொற்று வந்தது. மூவர் இறந்தார்கள். பாவிக்காத ஊசிக்குழலிலும் அதே பங்கசு இருந்தது. நிவாரணச் சாமான்கள் வந்து குவிந்த காலம். மருத்துவப் பொருட்கள் சரியான களஞ்சிய வசதியின்றி வைக்கப்பட்டிருந்தன.

வசதி படைத்த நாடுகளும் தப்பவில்லை. இருதய சத்திரசிகிச்சையின்போது இரத்தத்தின் சூட்டைச் சீராக்கும் கருவியின் தண்ணீர்த் தொட்டியில் கிருமி வளர்ந்து, விசிறிக் காற்றோடு பரவி, திறந்த நெஞ்சில் இறங்கியிருக்கிறது. நோய் வெளிப்பட வருடங்கள் சென்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்சரிக்கை வந்தது 2015இல்தான்.

உயிர் காக்கும் கருவியையும் ஒருவர் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பூட்டி வைக்க வேண்டும். கருவி வந்தால் நாடா வெட்டுகிறோம், படம் பிடிக்கிறோம். கழுவுகிறவரின் கணக்கை யாரும் கேட்பதில்லை.

நம் பகுதி ஆஸ்பத்திரிக்கு என்ன வேண்டும் என்று இனி யாராவது கேட்டு வந்தால், கருவியோடு அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களையும் தாருங்கள் என்று கேட்போம்.