ஒத்திக்கு விட்ட வீடு

மனிதனுக்கு இறைவன் அருளிய இவ்வுலகப் பேறுகளுள் சொந்த இல்லமும் ஒன்று. அதனை வாங்கவும் விற்கவும் அடைமானம் வைக்கவும் மார்க்கம் தெளிவான வழிகளை வகுத்துத் தந்திருக்கிறது. ஆயினும், வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனை நாடாத நம்மவர் பலர், ஒத்தி என்னும் வாயில் வழியாக அதே வட்டி தம் இல்லத்துள் நுழைவதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதுபற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

ஒத்தி நடைபெறும் முறையை யாவரும் அறிவர். வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொள்கிறார். பணம் கொடுத்தவர் வாடகையின்றி அவ்வீட்டில் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் இவருக்கு முழுத் தொகையும், அவருக்கு வீடும் திரும்புகின்றன. சில ஊர்களில் இதனைப் போக்கியம் என்பர்; நகரங்களில் ‘லீஸ்’ என்று பெயர். ‘வட்டியுமில்லை, வாடகையுமில்லை’ என்று இதனைப் புகழ்வோரும் உண்டு.

நாட்டின் சட்டம் சொல்வதைச் சற்றே நோக்குவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தனது 58ஆம் பிரிவில் இவ்வகை அடைமானத்தை விளக்குகிறது. பணம் கொடுத்தவர் சொத்தின் வருமானத்தை வட்டிக்கு ஈடாகக் கொள்ளலாம். அசலுக்கு ஈடாகக் கொள்ளலாம். இரண்டுக்குமாகப் பகிர்ந்தும் கொள்ளலாம். அசல் சிறிதும் குறையாத நம் ஒத்தி, இவற்றுள் முதல் வகையாகும். சட்டமே அதனை வட்டிக்கு ஈடு என்று கூறும்போது, நாம் மட்டும் வட்டியில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

அடைமானம் கூடாது என்று மார்க்கம் கூறவில்லை. அல்பகறா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் ‘ரஹ்ன்’ என்னும் அடைமானத்தை அனுமதிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது, அவர்களது கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆனால் அடைமானம் கடனுக்குக் காப்பேயன்றி, கடன் கொடுத்தவருக்கு வருவாய் அன்று. பொருளின் பயன் உடைமையாளருக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி அறிஞர் சிலர், உடையவர் மனமொப்பி இசைந்தால் பயன்படுத்தலாம் என்றனர். ஆயினும் 1836இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன், பயன் கருதியே மக்கள் கடன் கொடுக்கும் இடத்தில் அவ்வழக்கமே நிபந்தனையாகிவிடும் என்று எச்சரித்தார். இக்காலத்தில் குடியிருக்கும் பயனை எண்ணாமல் ஒத்திக்குப் பணம் தருவோர் யார்?

நாம் அறிந்த விதவைத் தாய் ஒருவர், மகளின் நிக்காஹ் செலவுக்காக 2 இலட்சம் ரூபாய்க்கு வீட்டை ஒத்திக்கு விட்டுத் தம் தமையன் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். பதினொரு ஆண்டுகளுக்குப் பின் எம்மிடம் வந்து, “ஆலிம்சா, இத்தனை வருஷம் வாடகை வாங்காமல் வீட்டை விட்டிருக்கேன், வாங்கின பணம் ஒரு ரூபாய்கூடக் குறையலையே!” என்று கலங்கினார். பணம் தந்தவரும் தீயவர் அல்லர். அந்நிய நாட்டில் உழைத்துச் சேர்த்த பொருளை, வட்டியில்லாத இடம் என்று நம்பியே கொடுத்திருந்தார்.

இருவரையும் அமரவைத்துக் கணக்கிட்டோம். அத்தெருவின் மிகக் குறைந்த வாடகை மாதம் 2,500 ரூபாய். அதனை அசலில் கழித்திருந்தால் 80 மாதங்களில், அதாவது ஏழாம் ஆண்டிலேயே, கடன் தீர்ந்திருக்கும். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். எழுதிய ஒப்பந்தப்படி முழுத் தொகையையும் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. எனினும் மறு வெள்ளிக்கிழமை வந்து, பாதித் தொகை போதும், வீட்டைத் தந்துவிடுகிறேன் என்றார். அம்மையாரும் இசைந்தார்.

ஆகவே ஒத்தி எழுதுவோர், வாடகையை நியாயமாக மதிப்பிட்டு மாதந்தோறும் அசலில் கழியுமாறு எழுதிக்கொள்வது நலம். பெயருக்கு நூறு ரூபாய் வாடகை என்று எழுதுவது தம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும். வருமானத்தால் அசல் தீர்ந்ததும் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு உடையவருக்கு அளிக்கிறது. பணம் தருவோரும் மூலப்பத்திரத்தைப் பார்த்து, வில்லங்கச் சான்று எடுத்து, இரு சாட்சிகளுடன் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீடு முன்னரே வங்கியில் அடைமானமாக இருப்பின், கொடுத்த பணத்துக்குக் காப்பில்லாமற் போகும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே என்பதை நாம் மறக்கலாகாது.

கொடுப்பவர் கூரையும் பெறுபவர் கூரையும் ஒருசேர நிலைக்குமாறு கொடுக்கல் வாங்கலை அமைத்துக்கொள்ள, வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.